கரண்ட் போகாத நாள்

என் வேலை என்ன என்று ஊரில் யாராவது கேட்டால், கல்லைச் சூடு பண்ணிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆந்திராவில் இருக்கிற நகரியில், எங்கள் தெருவில், ஆறு வருஷமாக என்னைப் பற்றிய தகவல் இவ்வளவுதான்: திருப்பதியில் பெரிய படிப்பு படிக்கிறது, கல்லைச் சூடு பண்ணுகிறது, கல்யாணம் பண்ணிக்கொள்ள மாட்டேன் என்கிறது. மூன்றும் உண்மைதான்.

கல் என்பது மட்டும் கொஞ்சம் பொய். அது உலோகம். அரிசி நொய் அளவுக்கு ஒரு படிகம். அதன் ஒரு முனையில் சின்னதாக ஒரு ஹீட்டரை ஒட்டுவேன். மறுமுனையைக் குளிர்ந்த செம்புக் கட்டையில் வைப்பேன். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்று வந்துவிட்டால் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் இடம்பெயரும். அதனால் நீளவாக்கில் ஒரு வோல்டேஜ் பிறக்கும். இது எல்லா உலோகத்திலும் உண்டு. காந்தமாக இருக்கிற உலோகத்தில் இன்னொன்றும் நடக்கும். எலக்ட்ரான்கள் நேராகப் போகாமல் ஓரமாக ஒதுங்கும். அதனால் குறுக்குவாக்கிலும் ஒரு வோல்டேஜ் வரும். நான் தேடிக்கொண்டிருந்தது அந்தக் குறுக்கு வோல்டேஜை.

என்னுடைய உலோகம் சாதாரணக் காந்தம் இல்லை. அதில் குண்டூசிகூட ஒட்டாது. ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம்தான், ஆனால் ஒன்று மேலே பார்த்தால் பக்கத்தில் இருப்பது கீழே பார்க்கும். மொத்தமாகக் கூட்டினால் பூஜ்யம். பவர்லூம் ஓடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. நீளவாக்கில் கட்டிய பாவில் ஓர் இழை மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். நெய்து முடித்த துணி என்னவோ தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நடுவில் ஓடுகிற நாடாவுக்கு எது மேலே எது கீழே என்று தெரியும். அதுபோல இந்த உலோகம் வெளியே காந்தமாக இல்லாவிட்டாலும், உள்ளே ஓடுகிற எலக்ட்ரானுக்கு அது காந்தம்தான் என்று கணக்குப் போடுகிறவர்கள் காகிதத்தில் காட்டியிருந்தார்கள். அப்படியென்றால் குறுக்கு வோல்டேஜ் வரவேண்டும். வருகிறதா என்று பார்ப்பதில் என் ஆறு வருஷம் போனது.

பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. படிகத்தின் இரண்டு பக்கங்களிலும் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை சில்வர் பேஸ்ட்டால் ஒட்டவேண்டும். இரண்டு கம்பியும் எதிரெதிரே நேராக உட்காரவேண்டும். ஒன்று கொஞ்சம் விலகினாலும் நீளவாக்கு வோல்டேஜ் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்துவிடும். அப்படி நுழைந்தாலும் தப்பிக்க வழி உண்டு. காந்தப்புலத்தை மேல்நோக்கி வைத்துப் படிகத்தைக் குளிரவிட்டு, புலத்தை அணைத்துவிட்டு அளக்கவேண்டும். இதற்கு நாங்கள் பிளஸ் என்போம். பிறகு புலத்தைக் கீழ்நோக்கி வைத்து அதே போல அளக்கவேண்டும். இது மைனஸ். நிஜமான குறுக்கு வோல்டேஜ் திசை மாறும், திருட்டு வோல்டேஜ் மாறாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் திருட்டு அடிபட்டுப் போகும், நிஜம் மிஞ்சும். ஒரே நிபந்தனை, இரண்டு தடவையும் சூடு ஒரே அளவாக இருக்கவேண்டும்.

இதையெல்லாம் சொல்லாமல் நைனாவின் போனைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால்தான் சொன்னேன்.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இரண்டு பவர்லூம். வீட்டு முன்பக்கம் ஷெட் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா நான் ஒன்பதாவது படிக்கும்போதே போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அவரும் தறிகளும்தான். தறி ஓடினால் எங்கள் வீட்டில் பேச முடியாது. பேசினால் கேட்காது. போன் அடித்தாலும் கேட்காது. நான் கூப்பிட்டு அவர் எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. நகரியில் கரண்ட் போனால் தறி நிற்கும். தறி நின்றால் நைனா போன் பண்ணுவார்.

"கரண்டு பூடுச்சிமா" என்றுதான் ஆரம்பிப்பார். ஹலோ கிடையாது. வாழ்நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்தவர் என்பதால் கத்தித்தான் பேசுவார். பக்கத்து மேசையில் இருப்பவர்களுக்கும் எங்கள் ஊரில் கரண்ட் போன செய்தி தெரிந்துவிடும்.

"துன்னியா?"

"துன்னுட்டேன் நைனா."

"இன்னா துன்ன?"

"இட்லி."

"அந்தக் கல்லு இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லும், சொல்லும். நீ பாத்துக்கினே இரு."

அவர் போனை வைத்ததே இல்லை. கரண்ட் வந்துவிடும். ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார், திடீரென்று பின்னால் தறி தடதடவென்று ஆரம்பித்துவிடும், அவர் குரல் அதில் மூழ்கிப்போகும். ஸ்விட்சை அணைக்காமல்தான் பேச உட்காருவார். கரண்ட் வந்த பிறகு ஒரு நிமிஷம்கூட தறி சும்மா நிற்கக்கூடாது என்பது அவர் கொள்கை. கரண்ட் எவ்வளவு நேரம் போகிறதோ அவ்வளவுதான் என் அப்பா எனக்கு. மாநிலத்தில் மின்வெட்டு குறைந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டபோது எனக்கு மட்டும் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. திருச்சானூரில் என் ரூமிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து சீக்கிரமே லேபுக்கு வந்துவிட்டேன். எங்களிடம் இருந்த படிகங்களில் நல்லது ஒன்றே ஒன்றுதான். அதற்கு அன்றைக்குக் கம்பி ஒட்டவேண்டும். பதினொன்றேகால் இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, இடுக்கியில் கடைசித் தங்கக் கம்பியைப் பிடித்து பேஸ்ட்டில் வைத்திருந்தேன். சில்வர் பேஸ்ட் நாலைந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அதுவரை மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடவேண்டும். அப்போது மேசையில் இருந்த போன் வைப்ரேஷனில் அடித்தது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். நைனா. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். எடுக்கவில்லை. போன் தானாக அடித்து ஓய்ந்தது. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அடித்தது. மைக்ரோஸ்கோப்பில் கம்பி ஒரு கணம் மங்கலாகத் தெரிந்து, பிறகு தெளிந்தது. இன்றைக்கு என்ன இத்தனை அவசரம் என்று அலுத்துக்கொண்டேன். சத்தியமாக அலுத்துக்கொண்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பேஸ்ட் காய்ந்த பிறகு திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்திருக்கும், கேட்டிருக்காது என்று விட்டுவிட்டேன். படிகத்தைக் குளிர்க்கலத்துக்குள் இறக்கி, பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றை எடுத்து, குளிரவிட்டு, நாலு மணிக்கு பிளஸ் பக்க அளவீட்டை ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் இருக்கிறது. அது தானாகவே மறுநாள் வரைக்கும் அளந்துகொண்டிருக்கும்.

ஐந்து மணிக்குச் சித்தப்பா கூப்பிட்டார். அடுத்த தெருவில் இருக்கிறவர், நைனாவின் தம்பி.

"நைனாவுக்கு நெஞ்சு வலிமா. மத்தியானம் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனோம். உனுக்கு எப்டி சொல்றதுன்னு தெரியாம குந்திக்கினு இருந்தோம்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"நீ வந்துடுமா" என்றார்.

புரோகிராமை நான் நிறுத்தவில்லை. நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நகரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஷெட்டில் இரண்டு தறிக்கும் நடுவில் நைனாவைக் கிடத்தியிருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் திருப்பதியில் என் மெஷின் அளந்துகொண்டுதான் இருந்தது. அது எனக்கு ஞாபகமும் இருந்தது. இந்நேரம் எத்தனை டிகிரிக்கு வந்திருக்கும் என்று ஒரு தடவை யோசித்துக்கூடப் பார்த்தேன்.

அழுகை வரவில்லை. வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அவர்களுக்கு முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதிர்ச்சியில் இருக்கிறது, பிறகு மொத்தமாக வரும் என்று பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நானும் காத்துக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, வரவில்லை. ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையதாகவே இருக்காதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. யாராவது கிள்ளினால்கூடத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாளே லேபுக்குத் திரும்பிவிட்டேன். என் ஆய்வு வழிகாட்டி சித்தூர்க்காரர். எங்களைப்போலவே வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. "இன்னும் பத்து நாள் இருந்துட்டு வரலாமே" என்றார். இங்கே இருந்தால் பரவாயில்லை சார் என்றேன். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மைனஸ் பக்கம் அளக்கவேண்டியிருந்தது. பதினேழு நாளில் படிகம் அறைச்சூட்டுக்கு வந்து, மறுபடியும் குளிரப் போகிறது. குளிரவிடும்போது, படிகத்தின் சூட்டை அளக்கிற சின்ன வயர் ஒன்று கழன்று போய்விட்டது. திறந்து ஒட்டினால் ஒரு நாள் போகும். ஹீட்டருக்கு அதே கரண்ட்தானே கொடுக்கிறோம், சூடும் அதேதான் இருக்கும் என்று பிளஸ் பக்கத்து அளவையே எடுத்துக்கொண்டேன். வெற்றிடத்தைக் காட்டும் முள்ளும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. எங்கேயோ ரப்பர் வளையத்தில் காற்று கசிகிறது என்று அர்த்தம். நோட்டில் எழுதினேன். எழுதியதோடு சரி. முதல் வருஷத்து மாணவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

அளந்து முடித்துக் கழித்துப் பார்த்தேன். மிஞ்சியது. சின்னதாக இல்லை, நன்றாகவே மிஞ்சியது. காந்தப்புலம் இல்லாமல், குண்டூசி ஒட்டாத ஓர் உலோகத்தில், குறுக்கு வோல்டேஜ். ஆறு வருஷமாகத் தேடியது திரையில் ஒரு கோடாக நின்றது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சாருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர், குழந்தைக்குக் காட்டுவதுபோல அந்தக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "அடிச்சிட்டோம்மா" என்றார். கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். என் உதவித்தொகை முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இந்தக் கட்டுரை வந்தால் பட்டம் வரும், பட்டம் வந்தால் வேலைக்கு எழுதிப் போடலாம். எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததில் ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை.

ஒரே ஒரு எண்ணம் மட்டும் இறங்கியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நைனாவின் கடைசிப் போனை எடுக்காமல் நான் ஒட்டிய கம்பிகள் இவை. அதிலிருந்து இப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. கல் பேசிவிட்டது. ஆகவே அந்தப் போனை எடுக்காமல் விட்டதற்கு ஏதோ ஒரு ஈடு இருக்கிறது. இப்படி வெளியே எடுத்து எழுதினால் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் அந்த எண்ணத்தைத்தான் பிடித்துக்கொண்டு நடமாடினேன்.

சாருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கட்டுரை அனுப்புவதற்கு முன்னால் படிகத்தை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் படம் பிடித்துக் கொடுக்கவேண்டும். கம்பிக்குக் கம்பி எவ்வளவு தூரம் என்று அவரே அளந்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நான் படிகத்தை எடுத்து, லென்ஸுக்குக் கீழே வைத்து, படம் பிடித்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒரு கம்பி விலகியிருந்தது. ஒரு மயிரிழைதான். ஆனால் நொய் அளவுப் படிகத்தில் மயிரிழை என்பது சின்ன தூரம் இல்லை. காய்ந்த பேஸ்ட்டில், கம்பி முதலில் உட்கார்ந்த இடத்தில் ஒரு குழியும், அங்கிருந்து அது வழுக்கிப் போன தடமும் தெளிவாகத் தெரிந்தன. எது ஆட்டியது என்று நான் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. மேசையில் போன் அடித்தபோது மங்கலாகித் தெளிந்தது அந்தக் கம்பிதான்.

கம்பி விலகினால் திருட்டு வோல்டேஜ் நுழையும். இரண்டு தடவையும் சூடு ஒரே அளவாக இருந்தால் அது கழிந்துவிடும். காற்று கசிந்திருந்தால் அது சூட்டை இழுத்துக்கொண்டிருக்கும், சூடு ஒரே அளவாக இருந்திருக்காது. அப்படியானால் மிஞ்சியது வெறும் திருட்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அந்தக் கம்பிகளை அசிட்டோனில் கழுவி எடுத்துவிட்டு, நேராக மறுபடியும் ஒட்டி, பிளஸையும் மைனஸையும் அடுத்தடுத்து அளப்பதுதான். இரண்டு நாள் வேலை.

நான் அதைச் செய்யவில்லை. படத்தையும் சாருக்கு அனுப்பவில்லை. கேமரா சரியில்லை சார் என்றேன். ஆறு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

அந்த வாரத்தில்தான் நகரிக்குப் போகவேண்டிவந்தது. தறிகளை இனிமேல் சித்தப்பா ஓட்டுவதாக முடிவாகியிருந்தது. ஷெட்டின் கரண்ட் கனெக்‌ஷன் நைனா பேரில் இருந்தது. அதைச் சித்தப்பா பேருக்கு மாற்ற வாரிசு என்று நான் கையெழுத்துப் போடவேண்டும். கரண்ட் ஆபீஸ் சப்ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. அங்கே எல்லாம் தெலுங்குதான். ஃபாரம் பூர்த்தி பண்ணிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே மேசையில் ஆபரேட்டர் ஒரு நீள ரெஜிஸ்டரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எந்த லைன் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுகிற ரெஜிஸ்டர்.

ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். அது வழக்கமாகக் கரண்ட் போன நேரத்தில் வருகிற போன்தான் என்று ஒரு ரெஜிஸ்டர் சொல்லிவிட்டால் எனக்குப் போதும். துன்னியா, இன்னா துன்ன, கல்லு இன்னா சொல்லுது. அதைக் கேட்கத்தான் கூப்பிட்டார், வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அப்படி இருந்துவிட்டால் நான் தவறவிட்டது ஒரு சாதாரண போன். சாதாரண போனைத் தவறவிடாத பிள்ளை உலகத்தில் கிடையாது.

தேதியைச் சொல்லி, காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் தெரு லைனில் எவ்வளவு நேரம் கரண்ட் போனது என்று தெலுங்கில் கேட்டேன். இன்ஷூரன்ஸுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பொறுமையாகப் பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்துக் கீழே வரைக்கும் இறக்கினார்.

"ஆ ரோஜு கரெண்டு போலேதம்மா" என்றார்.

அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. ரெஜிஸ்டரை என் பக்கமாகத் திருப்பியும் காட்டினார். அந்தத் தேதிக்கு நேரே எங்கள் லைனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

திரும்பி வரும் வழியில், கூட வந்திருந்த சித்தப்பாவைக் கேட்டேன்.

"அன்னிக்கி நீங்க ஷெட்டுக்குப் போகசொல்ல தறி ஓடிக்கினு இருந்துச்சா சித்தப்பா?"

"இல்லமா. ரெண்டும் நின்னுக்கினு இருந்துச்சி. அவரே ஸ்விட்ச்ச நிறுத்திட்டாரு போலகீது. நாடா பாதியில நின்னுச்சி. தறிய ஒட்டிக்கினு கீழ குந்திக்கினு இருந்தாரு. கையில போனு வெச்சிக்கினு இருந்தாரு." கொஞ்சம் தூரம் நடந்த பிறகு, "உனுக்குத்தான் பண்ணாருன்னு அப்பவே தெரியும்மா. இன்னாத்துக்கு சொல்றதுன்னு வுட்டுட்டேன்" என்றார்.

கரண்ட் இருக்கும்போது தறியை நிறுத்தி என் அப்பா எனக்கு போன் பண்ணியதே கிடையாது. நான் எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கம் வாங்கிய அன்றைக்குக்கூடக் கரண்ட் போகும்வரை காத்திருந்துதான் பண்ணினார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திருப்பதிக்குத் திரும்பினேன். புத்தூரில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. கையில் மாவுக்கட்டும் மூங்கில் பத்தையுமாக ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டு இடிக்காமல் இருக்கக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் தள்ளி இடம் கொடுத்தேன். ஹீட்டரில் அதே கரண்ட் என்றால் அதே சூடு என்று எடுத்துக்கொண்டேன். நைனாவின் போன் என்றால் கரண்ட் போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டையும் நான் பார்க்கவில்லை, பார்த்த மாதிரி எழுதிக்கொண்டேன். பஸ் ரேணிகுண்டா வரும்வரை இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் அந்தக் கோட்டை இனிமேல் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை படிகத்தை அசிட்டோனில் போட்டேன். பேஸ்ட் ஒரு நிமிஷத்தில் சாம்பல் நிறமாகக் கரைந்து, தங்கக் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் இறங்கின. என் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டதற்கு உலகத்தில் இருந்த ஒரே தடயம் அந்தக் குழியும் வழுக்கலும்தான். அது ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கரைந்துபோனது. போட்டோ மட்டும் இருக்கிறது.

புதிதாக ஒட்டினேன். ரப்பர் வளையத்தை மாற்றினேன். சூட்டை அளக்கும் வயரை இரண்டு தடவை ஒட்டிச் சரிபார்த்தேன். பிளஸ், மைனஸ், மறுபடியும் பிளஸ், மறுபடியும் மைனஸ். கழித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. கோடு பூஜ்யத்தின்மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்குள் ஏதாவது நிஜம் இருந்தாலும் எங்கள் மெஷினுக்கு அது எட்டாது.

பழைய படத்தையும் புதிய கோட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். கேமரா பற்றிச் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். மேசையில் கட்டுரையின் அச்சுப் பிரதி இருந்தது. அதைப் புரட்டக்கூட இல்லை, எடுத்து டிராயருக்குள் வைத்துவிட்டார்.

"பரவால்லமா. அனுப்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே" என்றார். அவருக்கும் அது ஆறு வருஷம்தான். குரலில் அது தெரிந்தது. பிறகு மறுபடியும் படத்தை எடுத்தார். "ஆனா நீ ஒட்டினா நகராதே. எப்படி நகர்ந்தது?"

"பேஸ்ட் காயறதுக்குள்ள மேசை ஆடிடுச்சு சார்."

"மேசை எப்படிமா ஆடும்?"

"போன் சார். வைப்ரேஷன்ல மேசைமேல இருந்தது."

"எத்தனை தரம் அடிச்சது?"

"ரெண்டு தரம். முழுசா."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபம் இல்லை. பரிசோதனையில் ஒரு பிழையின் வேரைக் கண்டுபிடித்த ஆளுக்கு வரும் திருப்திதான் அவர் முகத்தில் இருந்தது.

"முதல் ரிங்லயே எடுத்திருந்தா ஆட்டம் நின்னிருக்கும்" என்றார். "எடுக்க வேண்டியதுதானேமா?"

நான் ஆமாம் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கரண்ட் போகல சார்" என்றேன். "கரண்ட் இருந்தது சார். இருக்கும்போதே தறிய நிறுத்திட்டு எனக்குப் பண்ணார் சார்."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நோட்டில் போட்டிருந்த தேதியைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் எனக்கு வந்துவிட்டது. இரண்டு மாதமாக எங்கே இருந்ததோ, மொத்தமும் வந்தது. நின்றுகொண்டே, நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நைனா நைனா என்று கத்தி அழுதேன். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்பதுபோலக் கத்தினேன். சார் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.